மாரடைப்பு வந்தவருக்குச் சர்க்கரையும் ஏறினால்...

ஒரு வீட்டில் ஒருவருக்கு மாரடைப்பு என்றால் சொந்தக்காரர்கள் என்ன வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒரு டஜன் சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் பாட்டில், பிஸ்கட் பாக்கெட், குளூக்கோஸ் பொட்டலம், இரண்டு இளநீர். வீட்டிலிருந்து ஃபிளாஸ்க்கில் குழைய வடித்த அரிசிக் கஞ்சி. நோயாளிக்குத் தெம்பு வரவேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் இவை ஒவ்வொன்றும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிற பண்டம். கட்டிலில் படுத்திருப்பவருக்கோ, சர்க்கரை வியாதியே இல்லாதவராக இருந்தால்கூட, அந்தச் சமயத்தில் சர்க்கரை ஏறியிருக்கக்கூடும்.

இந்தக் கடைசி வாக்கியத்தை 2019 வரை யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். எங்கள் வீட்டுக்கே வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

என் கணவருக்கு அப்போது 52 வயது. கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறார். ஐப்பசி மாதம் ஒரு காலை, குளித்துவிட்டு வந்தவர் துண்டோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சு வலி கிடையாது. மூச்சு வாங்கியது, துடைக்கத் துடைக்க வியர்த்தது. "வாயுவா இருக்கும், பெருங்காயம் கரைச்சுக் கொடு" என்றார். நர்சிங் படித்துக்கொண்டிருந்த என் மகள் அன்று லீவில் வீட்டில் இருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், 108-க்குப் போன் செய்துவிட்டாள். தஞ்சாவூர் போய்ச் சேர்ந்ததும் இ.சி.ஜி. எடுத்தார்கள். மாரடைப்புதான். அன்றைக்கே குழாய் வைத்து அடைப்பை எடுத்து ஸ்டென்ட் பொருத்தினார்கள்.

அந்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 274.

"அவனுக்கு ஏது சர்க்கரை? எங்க வம்சத்துலயே கிடையாது. இந்த அதிர்ச்சியில ஏறியிருக்கும், தானா இறங்கிடும்" என்றார் என் மாமியார். அத்தை சொன்னது முழுக்கத் தவறும் இல்லை, முழுக்கச் சரியும் இல்லை. டாக்டர் அம்மா எங்களை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார்கள்.

இதயத்துக்கு ஓர் ஆபத்து வந்ததும் உடம்பு யுத்தத்துக்குத் தயாராவது போலத் தயாராகிறதாம். அட்ரினலின், கார்ட்டிசால் என்கிற ஹார்மோன்கள் பெருகுகின்றன. ஈரல் தன்னிடம் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது. அதே நேரத்தில் இன்சுலினின் வேலையும் மந்தப்படுகிறது. அதனால்தான் சர்க்கரை வியாதி இல்லாதவருக்கும் 180, 200 என்று காட்டும். ஏற்கெனவே வியாதி இருப்பவருக்கு இன்னும் எகிறும். அதிர்ச்சியில் ஏறியதுதானே என்று விட்டுவிடவும் முடியாது. சர்க்கரை மிகுந்த ரத்தம் சுலபமாக உறையும். சிறுநீர் அதிகமாகப் போய் உடம்பில் நீர் வற்றும். கிருமி தொற்றினால் ஆறத் தாமதமாகும். மாரடைப்போடு வருகிறவர்களில் சர்க்கரை அதிகம் இருந்தவர்களுக்கு இதயத் தசை சேதமும் உயிர் அபாயமும் கூடுதல் என்று டாக்டர்கள் பல காலமாகக் கண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் இது அதிர்ச்சிச் சர்க்கரையா, பழைய வியாதியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஹெச்.பி.ஏ.1.சி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கடந்த மூன்று மாதங்களாகச் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று அது சொல்லிவிடும். சாப்பிட்டுவிட்டும் கொடுக்கலாம், சாப்பிடாமலும் கொடுக்கலாம். 5.7-க்குக் கீழே இருந்தால் சரி. 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு. 6.5-ம் அதற்கு மேலும் சர்க்கரை வியாதி. என் கணவருக்கு 8.6 வந்தது. அதாவது மாதக்கணக்கில், ஏன் வருஷக்கணக்கில்கூட, வியாதி உள்ளே இருந்திருக்கிறது; பரிசோதிக்காததால் வெளியே தெரியவில்லை. அன்று நெஞ்சு வலிக்காததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். சர்க்கரை நாள்பட்டால் நரம்புகள் மரத்து, மாரடைப்பு வந்தாலும் சிலருக்கு வலி தெரியாதாம். மூச்சு வாங்கல், வியர்வை, திடீர்க் களைப்பு, குமட்டல், இவ்வளவுதான் தெரியும். உங்கள் வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் இதைக் கட்டாயம் மனதில் வையுங்கள்.

இரண்டாம் பூகம்பம் இன்சுலினால் வந்தது. "ஊசி போடவேண்டாம்னு சொல்லும்மா. ஒருதடவை போட்டா அப்புறம் ஆயுசுக்கும் விடாது" என்று வராந்தாவில் நின்றவர்கள் எல்லாம் சொன்னார்கள். நம் பக்கத்தில் இந்தப் பயம் வேர்விட்டுப் போயிருக்கிறது. உண்மை என்னவென்றால், இன்சுலின் பழக்கமாகிவிடுகிற போதை மருந்து இல்லை. நம் கணையத்தில் இயற்கையாகச் சுரக்கிற ஹார்மோன். ஆபத்தான நாட்களில் சர்க்கரை மணிக்கு மணி மாறும். மாத்திரை அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. இன்சுலினைத்தான் கூட்டிக் குறைக்க முடியும். ஆபத்து நீங்கியபின் நிறைய பேருக்கு ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றிவிடுகிறார்கள்.

அவருக்கு முதல் இரண்டு நாள் டிரிப்ஸில் இன்சுலின் போனது. மணிக்கொரு தரம் விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை 165, 170 என்று வந்ததும் அளவைக் குறைத்துவிட்டார்கள். என் கொழுந்தனாருக்கு ஒரே கோபம். "நூறுக்குக் கொண்டுவர வேண்டாமா? நூத்தி எழுபதுல விட்டுட்டு நிம்மதியா நிக்கிறாங்களே!" என்றார்.

அதற்குப் பதில் என் மகளிடமிருந்து வந்தது. அவள் பாடத்தில் படித்ததை எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். 1995-ல் ஸ்வீடன் தேசத்தில் ஓர் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்போடு, சர்க்கரையும் அதிகமாக வந்த 620 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இன்சுலின் டிரிப்ஸும் அதன்பின் மாதக்கணக்கில் இன்சுலின் ஊசியும் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. ஒரு வருஷத்தில் வழக்கமான பிரிவில் 100-க்கு 26 பேர் இறந்தார்கள். இன்சுலின் பிரிவில் 19 பேர். இதைப் பார்த்ததும் 'இறக்கு, இறக்கு, இன்னும் இறக்கு' என்று ஒரு காலம் இருந்ததாம். ஆனால் அதே ஸ்வீடன்காரர்கள் இன்னும் பெரிதாக நடத்திய இரண்டாவது ஆராய்ச்சியில், 2005-ல், அந்த வித்தியாசம் தெரியவில்லை. 2009-ல் இன்னொன்று. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா முதலிய இடங்களில் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்த 6,000-க்கும் மேற்பட்ட பலவகை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சர்க்கரையை 81-க்கும் 108-க்கும் நடுவே இறுக்கிப் பிடித்தார்கள். மற்றவர்களுக்கு 180-ஐத் தாண்டாமல் மட்டும் பார்த்துக்கொண்டார்கள். இறுக்கிப் பிடித்த பிரிவில்தான் அதிகம் பேர் இறந்தார்கள்! சர்க்கரை அடிக்கடி அதலபாதாளத்துக்கு இறங்கியதும் அந்தப் பிரிவில்தான்.

அதனால்தான் இப்போதெல்லாம் 180-க்கு மேல் நின்றால் இன்சுலின் ஆரம்பித்து, 140-க்கும் 180-க்கும் இடையில் வைத்துக்கொள்கிறார்கள். சர்க்கரை தடாலென்று குறைந்தால் உடம்பு மறுபடி அட்ரினலினைக் கொட்டும். இதயம் தாறுமாறாக அடிக்கும். புண்பட்ட இதயம் அதைத் தாங்காது. கொழுந்தனார் "அப்படியா சங்கதி" என்று காபி குடிக்கப் போய்விட்டார்.

ஆறாம் நாள் வீட்டுக்கு வந்தோம். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின். ஆஸ்பிரின், கொழுப்புக்கான மாத்திரை, மெட்டோப்ரோலால் என்று இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் மாத்திரை, இன்னும் சில. ஆஸ்பத்திரியில் பத்துப் பேர் பார்த்த வேலையை இனி நான் ஒருத்தி பார்க்கவேண்டும். விரலில் குத்திப் பார்க்கும் சின்ன மெஷினை அன்றே வாங்கிவிட்டோம். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, நேரம், சர்க்கரை அளவு, இன்சுலின் அளவு, என்ன சாப்பிட்டார் என்று எழுதிக்கொண்டே வந்தேன். பால் கணக்கு எழுதுகிற மாதிரிதான்.

மூன்றாம் வாரம் ஒரு ராத்திரி. வழக்கம்போல் ஊசி போட்டாயிற்று. தட்டில் உட்கார்ந்தவர் வயிறு மந்தமாக இருக்கிறது என்று இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டார். இரவு இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்தபோது அவருடைய பனியன் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "என்னங்க, என்ன பண்ணுது?" என்றால், "தூங்கவிடு" என்று எரிந்து விழுகிறார். பேச்சும் கொஞ்சம் குழறியது. முதல் மாரடைப்பும் வியர்வையோடுதானே வந்தது! என் கை காலெல்லாம் நடுங்கியது. ஆனாலும் மெஷினை எடுத்துக் குத்தினேன். 56.

மூன்று டீஸ்பூன் குளூக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்து உட்காரவைத்துக் கொடுத்தேன். நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு முட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன், இல்லை என்றார். 15 நிமிஷம் கழித்துப் பார்த்ததில் 84. பிறகு இன்னொரு இட்லி சாப்பிட வைத்தேன். வியர்வை அடங்கி, "ஏம்மா இன்னும் தூங்கலியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். காலையில் நோட்டோடு டாக்டரைப் பார்த்தோம். இரவு அளவைக் குறைத்தார்கள்.

அன்று டாக்டர் அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன். இது எல்லா வீட்டுக்கும் தேவை. சர்க்கரை 70-க்குக் கீழே போனால் தாழ்நிலை. சாதாரணமாகக் கை நடுங்கும், படபடக்கும், பசிக்கும், வியர்க்கும். ஆனால் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். மறையாதது வியர்வை ஒன்றுதான். கூடவே குழப்பம், எரிச்சல், பேச்சுக் குழறல். உடனே 15 கிராம் குளூக்கோஸ் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு முறை. சாக்லேட், பால்கோவா உதவாது. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். வோக்ளிபோஸ், அகார்போஸ் என்கிற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சீனியும் சீக்கிரம் வேலை செய்யாது, குளூக்கோஸ் பவுடர்தான். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரை ஏறி மூச்சடைக்கும். 108-ஐக் கூப்பிட வேண்டும்.

நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால் முதலில் 108, பிறகுதான் மெஷின். வியர்க்கிறது, ஆனால் சர்க்கரை குறையவில்லை என்றாலும் 108. சர்க்கரை சரியாகியும் வியர்வை நிற்கவில்லை என்றாலும் அதேதான். மெஷின் இல்லாத வீட்டில் இப்படி வந்தால், விழுங்க முடிகிறவருக்குக் குளூக்கோஸைக் கொடுத்துவிட்டு, கூடவே 108-க்கும் சொல்லிவிட வேண்டும்.

சமையலறைக்கு வருவோம். நம் ராஜ்யம் அதுதானே! பத்தியம் என்றதும் அரிசியை ஒரேயடியாக நிறுத்திவிட்டுச் சப்பாத்தியாகத் தட்டிப் போடுகிறோம். நாலு சப்பாத்தியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். சாமை, தினை, வரகு நல்லதுதான், நார்ச்சத்து உண்டு. அதற்காகக் குவியலாகப் போட்டுக்கொண்டால் அதுவும் மாவுச்சத்துதான். கேழ்வரகைக் கூழாகக் குடித்தால் அடையாகச் சாப்பிடுவதைவிட வேகமாக ஏறும். குழையக் குழைய வெந்த கஞ்சியும் அப்படித்தான். என் வழி இது: தட்டில் பாதி காய், கால் பாகம் பருப்பு, சுண்டல், மீன் இப்படி ஏதாவது, மீதிக் கால் பாகத்தில் சாதம். அவரைக்காய், கொத்தவரங்காய், புடலங்காய், வாழைத்தண்டு, கீரை தாராளம். உருளை, சேனை, மரவள்ளி இருந்தால் அன்று சாதத்தில் கழித்துக்கொள்வேன். ஆரம்பத்தில் "என்னடி இது, மாட்டுக்குப் போடற மாதிரி" என்று அத்தை முணுமுணுத்தார். இப்போது அவரே வாழைத்தண்டு நறுக்கித் தருகிறார்.

கருப்பட்டி விஷயத்தில்தான் பெரிய போராட்டம். வெள்ளைச் சீனிதான் விஷம். கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாம் ஒன்றும் செய்யாது என்று ஒரு நம்பிக்கை. மெஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியாது! கும்பகோணத்தில் இருந்துகொண்டு காபியை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சர்க்கரை போடாமல் அரை டம்ளர். கோயில் பிரசாதச் சர்க்கரைப் பொங்கலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு விரல் நுனி, அவ்வளவுதான்.

இதயத்துக்காக உப்பையும் பார்க்கவேண்டும். அப்பளம், வடகம், ஊறுகாய், மோர் மிளகாய் நாலும் எங்கள் வீட்டு அலமாரியை விட்டே போய்விட்டன. சுட்ட எண்ணெயில் மறுபடி சுடுவது கிடையாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். இதய நோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால் டாக்டரைக் கேட்காமல் தினமும் கொடுக்காதீர்கள். வெந்தயம், பாகற்காய் சமையலில் சேரட்டும், தவறில்லை. அதைக் குடிக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்துவதுதான் வினை.

ஊசி போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்சுலின் பாட்டிலில் 40, 100 என்று இரண்டு பலம் உண்டு. 40-க்குச் சிவப்பு மூடி ஊசி, 100-க்கு ஆரஞ்சு மூடி ஊசி. 100 பல மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் ஏற்றினால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும்! கடையில் வாங்கும்போதே பாட்டிலையும் ஊசியையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பாட்டிலை பிரிட்ஜ் கதவுத் தட்டில் வைக்கலாம். ஃப்ரீசரில் வைத்து உறைந்துபோனால் அது குப்பைக்குத்தான். பிரிட்ஜ் இல்லாத வீட்டில், மூடிபோட்ட டப்பாவில் இன்சுலினை வைத்து, அந்த டப்பாவை ஈர மண்பானைக்குள் வைப்பார்கள்.

வாந்தி, பேதி, விரதம் என்று சாப்பாடு இறங்காத நாட்களில் அன்றைய மருந்தை எவ்வளவு மாற்றுவது என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. இப்போது எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையோடு இதயத்தையும் காக்கின்றன என்று நிறைய பேருக்குத் தருகிறார்கள். அவையும் சாப்பிடாத நாளில் டாக்டரைக் கேட்டு நிறுத்திவைக்க வேண்டியவை.

மூன்று மாதம் கழித்து அவருடைய ஹெச்.பி.ஏ.1.சி. 7.2. பெரும்பாலோருக்கு 7-ஐ ஒட்டி இருந்தாலே போதும். வயதானவர்களுக்கு, அடிக்கடி தாழ்நிலை வருகிறவர்களுக்கு, இன்னும் கொஞ்சம் தளர்த்தியே வைக்கிறார்கள். ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார்கள். கடைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். சாயங்காலம் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறார். சட்டைப் பையில் குளூக்கோஸ் பொட்டலம் இருக்கிறதா என்று நான் தொட்டுப் பார்த்த பிறகுதான் வாசல் தாண்டுவார்.

2021-ல் என் நாத்தனாரின் கணவருக்கு மாரடைப்பு வந்தது. அவருக்கு அன்று சர்க்கரை 212, ஆனால் ஹெச்.பி.ஏ.1.சி. 5.6. அதிர்ச்சிச் சர்க்கரையேதான், பத்து நாளில் இறங்கிவிட்டது, மருந்தே வேண்டியிருக்கவில்லை. ஆனால் இப்படி ஏறி இறங்கியவர்களுக்குப் பின்னால் வியாதி வர வாய்ப்பு அதிகம், மூன்று மாதத்தில் ஒருமுறையும் பிறகு வருஷம் ஒருமுறையும் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர் "எனக்குத்தான் இல்லேன்னு ஆயிடுச்சே" என்று போகவே இல்லை. 2023-ல் நாத்தனார் வற்புறுத்தி அழைத்துப் போனதில் 6.2 வந்திருக்கிறது. இன்னும் வியாதியாகவில்லை, எல்லைக்கோட்டில் நிற்கிறார். போன வாரம்கூட நாத்தனார் போன் செய்து, "அண்ணி, சாதத்துக்கு எந்தக் கப்புல அளக்கறீங்க?" என்று கேட்டாள். என்னிடமிருந்த எவர்சில்வர் கப்புக்கு ஜோடியை அவளுக்கே கொடுத்தனுப்பிவிட்டேன்.